கோதில் கிடந்த கோடுகள்

அந்தி மஃரிப் தொழுகைக்கு வுழூ எடுக்கக் கிணற்றடியில் குந்தியிருந்தபோதுதான் காலிதீன் அந்த வெடியைக் கேட்டார். மேற்கே, வயல் பக்கமிருந்து வந்தது. முகம் கழுவ அள்ளிய தண்ணீர் விரலிடுக்கால் ஒழுகித் தீரும்வரை அவர் அசையவில்லை. வெடி கேட்டது ஒரு புதினம் அல்ல. எண்பத்தொன்பதாம் ஆண்டு மாரியில் சாய்ந்தமருதில் வெடி கேட்காத பொழுதுதான் புதினம். ஆனால் அது எந்தத் துவக்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. கொழும்பில் பொலிஸ் ஆயுதக் களஞ்சியத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். இப்போது வீட்டோடு ஒரு கொட்டில் போட்டு வயற்காரர்களின் நீர்ப்பம்புகளைத் திருத்திக்கொண்டிருந்தாலும், எங்காவது வெடித்தால் ஊர் அவருடைய முகத்தைத்தான் பார்க்கும். பழைய த்ரீ-நொட்-த்ரீ என்றால் ஒரு கனத்த முழக்கம் தென்னந்தோப்புக்குள் உருண்டு போய், அடுத்த வெடிக்கு முன் ஆள் மூச்சு வாங்குகிற அளவுக்கு இடைவெளி விடும், எஸ்.எல்.ஆர். கூர்மையாக வெடித்து நெஞ்சுக்கூட்டில் இடிக்கும், ஏ.கே. தகரக் கூரையில் கல்லை அள்ளிக் கொட்டியது போலத் தடதடக்கும். வயற்காரன் பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கு ஈரச் சாக்கைத் தடியால் அடித்தது போலத் தொம்மென்று விழும். பொலிஸ் காவலரண்களில் பறிபோனவை, கடல் வழியாக வந்தவை, இந்திய ஆமி போகிற போக்கில் தெருவில் பிடித்த பெடியன்களின் கைகளில் திணித்தவை, அந்தப் பெடியன்கள் பயத்தில் கிணற்றுக்குள்ளும் வைக்கோல் போருக்குள்ளும் எறிந்துவிட்டு ஓடியவை என்று எல்லாம் இந்தக் கரையில் கலந்து கிடந்தன. எல்லாவற்றின் குரலும் அவருக்குத் தெரியும்.

இது வேறு. இரண்டு சத்தமாக வந்தது. முதலில் மெல்லிய வாரால் சொடுக்கியது போல ஒன்று, காதுக்கு மேலே, காற்றைக் கிழித்துக்கொண்டு. பிறகு ஒரு மூச்சு விட்டு, தூரத்தில் எவரோ பெரிய கதவொன்றைச் சாத்தியது போல இன்னொன்று.

அடுப்படி வாசலில் மனைவி மைமூனா வந்து நின்றாள். "பாங்கு சொல்லி முடிஞ்சிட்டு. இன்னும் என்ன கிணத்தடியில?"

"வெடி கேட்டதா உனக்கு?"

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஒண்டும் இல்லியே. கடல்தான் இரையிது."

கிழக்கே கடல் இரைந்துகொண்டுதான் இருந்தது. வீட்டுக்குள் மகள் கமீலா குப்பி விளக்கைக் கொளுத்தினாள். பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் படிக்கிற பிள்ளை. ஊரில் துவக்குச் சத்தம் தொடங்கிய காலத்தில் அவளுடைய பயத்தைப் போக்க அவர் ஒரு விளையாட்டுக் காட்டியிருந்தார்: பறவையின் பேர் சொல்வது போல, கேட்ட சத்தத்தை வைத்துத் துவக்கின் பேரைச் சொல்வது. அவள் சீக்கிரமே பழகிக்கொண்டாள். கேட்கும்போது அவருடையதைப் போலவே கழுத்தை ஒரு பக்கம் சாய்ப்பாள். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

காலிதீன் தொழ நின்றார். எத்தனையாவது ரக்அத் என்று மறந்துபோனது. சுஜூதில் நெற்றியை வைத்தபோது தொழுகைப் பாயிலிருந்து வெடிமருந்தும் வயற்சேறும் கலந்த வாடை வந்தது.

பாயை மைமூனா வெள்ளிக்கிழமைதான் துவைத்துக் காயவைத்திருந்தாள்.

அடுத்த நாளும் அதே பொழுதில், மேற்கு வானம் ஈயம் போல மங்கி, வெளவால்கள் வேம்பிலிருந்து கிளம்புகிற நேரத்தில் அது கேட்டது. சொடுக்கு. மூச்சு. கதவு. ஒரு வெடிதான், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தெருவில் சைக்கிளில் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை, நாய் குரைக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் கொடியில் துணி எடுத்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். காலிதீன் மட்டும் மேற்கே திரும்பிப் பார்த்தார்.

மைமூனாவிடம் ஒருமுறை கேட்டதோடு சரி, அவர் அதைப் பற்றி வேறு எவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கதை எங்கே போய் முடியும் என்ற பயம் அவருக்கு இருந்தது.

சில கிழமைகளுக்கு முன், விடியற்காலை மழைக்குள் மைமூனாவின் தம்பி ஜெமீல் பின்வாசலால் வந்து நின்றான். உடம்பெல்லாம் சேறு. ஊர்க்காவலுக்கு நின்றவன். பல் அடித்துக்கொண்டது.

"மச்சான், நான் இயக்கக்காரன் எண்டு நினைச்சிட்டன். கூப்பிட்டுக் கேட்டன். அவன் பேசல்ல. மழையில கேக்கல்ல போல."

"ஆரு?"

"அச்சிமுகம்மது."

ட்ராக்டர் ஓட்டுகிற அச்சிமுகம்மது. மாவடிப்பள்ளி வயல் ரோட்டில் குப்புறக் கிடந்தான். பொழுது நன்றாக விடிவதற்குள் ஊரே அங்கே கூடியிருந்தது.

அவனைச் சுட்ட துவக்கைக் காலிதீனுக்குத் தெரியும். ஜெர்மன்காரன் செய்த ஜீ-த்ரீ. அதற்கு முந்திய மாதம் ஜெமீல் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, சுட்ட ரவையின் கோது வெளியே எறியாமல் சிக்குகிறது என்று சொல்லி அவருடைய கொட்டிலில் வைத்தான். எங்கேயிருந்து வந்தது என்று காலிதீன் ஒருமுறைதான் கேட்டார். மறுபடி கேட்கவில்லை. பம்புகளின் துருவிலும் கிரீசிலும் கிடந்த கைகளுக்கு அந்த இரும்பு அவ்வளவு சுகமாக இருந்தது. கழற்றிப் பூட்டி, எண்ணெய் போட்டு, வெறுமையாக இழுத்துப் பார்த்தபோது அது எழுப்பிய சுத்தமான சத்தத்தில் அவர் ஒரு கணம் தன்னை மறந்து சிரித்துவிட்டார்.

அச்சிமுகம்மது செத்த அன்று காலை ஊர்ப் பெரியவர்கள் நான்கைந்து பேரும், துவக்கு வைத்திருந்த பெடியன்கள் சிலரும் அவருடைய கொட்டிலுக்கு வந்தார்கள். ஒரு கைலேஞ்சியில் ரவைக்கோது ஒன்றைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அச்சிமுகம்மதின் மையித்துக்குப் பக்கத்தில் கிடந்ததாம்.

"காக்கா, இது எந்தத் துவக்குட கோது?"

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். ஜீ-த்ரீக்கும் எஸ்.எல்.ஆருக்கும் ரவை ஒன்றுதான். கோதை அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஜீ-த்ரீயின் தொண்டையில் நீளவாக்கில் காடிகள் வெட்டியிருக்கும். அதற்குள் வெடித்து வருகிற கோதில் மெல்லிய கரிக்கோடுகள் வரிசையாக விழும். வேறெந்தத் துவக்கும் இந்தக் கரையில் அப்படிக் கோடு போடாது. கோடுகள் அங்கே இருந்தன. பித்தளையில் எவரோ சீப்பால் இழுத்துவிட்டது போல.

பெடியன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே மைமூனா தேத்தண்ணிக்குக் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் தம்பி உள்ளறையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான்.

காலிதீன் எண்ணெய்த் துணியை எடுத்தார். சேற்றைத் துடைத்து நன்றாகப் பார்க்கிறவர் போல, பெருவிரலால் கோதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். கரிக்கோடுகள் துணியில் ஏறின. பித்தளை மினுங்கியது.

"எஸ்.எல்.ஆர்." என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவர் எவருடைய பேரையும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் எஸ்.எல்.ஆர். யாரிடம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். காரைதீவு வேலப்போடியின் மகன் நல்லரெத்தினத்தை இந்திய ஆமிக்காரர்கள் தெருவில் பிடித்துக்கொண்டு போய், தலைமயிரை வெட்டி, கையில் ஒரு துவக்கைக் கொடுத்திருந்தார்கள். அவன் அந்தத் துவக்கோடு ஓடிவந்து தகப்பனின் வயல்வாடியில் ஒளிந்திருந்தான். சொல்லும்போது அது தன் நினைவில் இல்லை என்று காலிதீன் பிறகு எத்தனையோ தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். நினைவில் இருந்தது.

அன்று பின்னேரம் மஃரிபுக்குக் கிணற்றடியில் குந்தியிருந்தபோது மேற்கே ஒரே ஒரு வெடி கேட்டது. எஸ்.எல்.ஆர். துல்லியமாகத் தெரிந்தது. பெடியன்கள் நல்லரெத்தினத்தின் துவக்கையே பறித்து அவனைச் சுட்டிருக்கிறார்கள். காலிதீன் வலது கையைக் கழுவினார். இடது கையைக் கழுவினார். தலையைத் தடவினார். போய்த் தொழுதார்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்த இரட்டைச் சத்தம் வரத் தொடங்கியது.

மழை விடாமல் பெய்த ஒரு பகலில், கொட்டிலில் பம்பு ஒன்றின் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அது என்னவென்று அவருக்கு விளங்கியது. தகரத்தில் மழை சட்டென்று ஓய்ந்தது. அந்த அமைதியில் பழைய ஞாபகம் ஒன்று தானாக எழுந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூட்டுப் பயிற்சி மைதானத்தில் இலக்குகளுக்குக் கீழே வெட்டிய குழிக்குள் அவரை இருத்திவைப்பார்கள். சுட்டு முடிந்ததும் அட்டையில் விழுந்த துளைகளைக் காட்டுவது வேலை. குழிக்குள் இருப்பவனுக்கு ஒரு வெடி இரண்டாகக் கேட்கும். முதலில் தலைக்கு மேலே ரவை காற்றைக் கிழிக்கிற சொடுக்கு. அதற்குப் பிறகுதான் துவக்கின் சொந்தச் சத்தம் ஆறுதலாக வந்து சேரும். தூரம் கூடினால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடும். தூரம் குறைந்தால் குறையும்.

துவக்குக்குப் பின்னால் நிற்பவனுக்கும் பக்கவாட்டில் தூர இருப்பவனுக்கும் அப்படிக் கேட்பதில்லை. வாய்க்கு நேர் முன்னால் இருப்பவனுக்குத்தான் கேட்கும்.

வால்வு கையிலிருந்து நழுவி எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது.

அப்படியென்றால் அது அவருக்குத் தெரியாத துவக்கு அல்ல. எஸ்.எல்.ஆர்.தான். அதை அவர் இவ்வளவு காலமும் பிடியின் பக்கமிருந்தே கேட்டுப் பழகியிருந்தார். இப்போது மற்றப் பக்கத்திலிருந்து கேட்கிறார்.

அன்றைய மஃரிபுக்கு அவர் கிணற்றடிக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளே செம்பில் தண்ணீர் எடுத்து, ஜன்னலைச் சாத்தி, நடு அறையில் வுழூ எடுத்தார். சாத்திய ஜன்னலும் சுவரும் ஒரு பொருட்டில்லை என்பது போல அது வந்தது. சொடுக்கு. கதவு. நடுவில் இருந்த மூச்சு பாதியாகிப் போயிருந்தது.

ஜெமீலைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் வந்து முற்றத்திலேயே நின்றான். அந்த நாளுக்குப் பிறகு அவன் காலிதீனின் கண்ணைப் பார்ப்பதில்லை.

"அது எங்க இப்ப?"

"எது?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. நான் திருத்தித் தந்தது."

ஜெமீல் குரலைத் தாழ்த்தினான். "கை மாறிட்டு மச்சான். ஒலுவில் ஆள் ஒருத்தன் கொண்டு போனான். இப்ப அவன்ட்டயும் இல்லியாம். திருக்கோவில் பக்கம் போயிட்டாம் எண்டு கதை."

"நல்லரெத்தினத்திட துவக்கு?"

"அதையும் அவனுகள் ஆருக்கோ குடுத்திட்டானுகள். என்னத்துக்குக் கேக்கிறீங்க? துவக்கு ஒரு இடத்தில நிக்கிற சாமானா?" அவன் செருப்பால் மணலைக் கிளறினான். "நல்லாத் திருத்தியிருக்கீங்க எண்டு சொல்லிவிட்டான் ஒலுவிலான். இன்னும் ரெண்டு மூணு இரிக்காம். கொண்டுவரட்டா எண்டு கேட்டான்."

காலிதீன் உள்ளே போனார்.

அதன் பிறகு அவர் பின்னேரங்களைக் கணக்கில் வைக்கத் தொடங்கினார். பின்னேர அஸர் தொழுது முடித்ததும் சுவரோரம் போய்க் குந்துவார். நிழல்கள் நீண்டு தென்னைகளின் அடியை விட்டு முற்றத்தைத் தாண்டி வீட்டுச் சுவரில் ஏறும்போது காது தானாகக் கூர்ந்துகொள்ளும்; அம்மியில் தேங்காய் அரைபடுவது, தெருக்கோடியில் பாண்காரனின் மணி, நனைந்த கோழி செட்டை உதறுவது எல்லாம் ஒவ்வொன்றாக விலகிப்போய், அந்த ஒன்றுக்காக ஒரு வெற்றிடம் உண்டாகும். வெடிமருந்து வாடை இப்போது சோற்றிலும் இருந்தது. மைமூனா முகர்ந்து பார்த்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"உங்களுக்கு ஒடம்புக்கு என்ன? ஓதிப் பாக்கச் சொல்லட்டா?"

"ஒண்டும் இல்ல."

"அந்தப் புள்ளைக்காகத்தான் யோசிக்கிறீங்களா? நல்லரெத்தினம்?" அவளுக்குத் தம்பி செய்தது தெரியும். அவர் கோதைத் துணியால் துடைத்தது தெரியாது. "நாம என்ன செய்யிற. அவனுகள் செஞ்சதுக்கு நாம பொறுப்பில்லியே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஒரு வியாழக்கிழமை. வானம் இறங்கி வந்து தென்னைகளின் தலையில் குந்தியிருந்தது. கமீலா முன்வாசலில் இருந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். காலிதீன் சுவரில் முதுகை ஒட்டி, கண்ணை மூடி, காத்திருந்தார். வந்தது. சொடுக்கும் கதவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. நடுவில் ஒரு நூல் போகிற இடைவெளி.

கண்ணைத் திறந்தார். கமீலா படிப்பை நிறுத்தியிருந்தாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்திருந்தாள்.

"வாப்பா."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"இப்ப கேட்டது ஒரு வெடியா, ரெண்டு வெடியா?"

"உனக்குக் கேட்டதா?"

"கொஞ்ச நாளாக் கேக்குது. நான் பேரு சொல்லப் பாத்தன். வரல்ல." அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "கிட்ட வருது, என்ன?"

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் காலிதீன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாவடிப்பள்ளி ரோட்டில் மேற்கே போனார். சொல்லிவிட வேண்டும். வேலப்போடியின் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு சத்தமும் ஒன்றாகும் முன்னால் சொல்லிவிட்டால் அது நின்றுவிடும் என்று அவர் நம்பினார். ஏன் நம்பினார் என்று அவருக்கே தெரியாது. மழை முகத்தில் அடித்தது. ரோட்டின் இரு பக்கமும் வெள்ளாமை முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக எழுந்து நின்றது. தண்ணீர் வரம்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. தவளைகள் கத்தவில்லை என்பதைப் பாதி வழியில்தான் கவனித்தார்.

வேலப்போடி வயல்வாடியில் தனியே இருந்தார். சட்டையில்லாத உடம்பில் ஒரு துவாய். தாடி வளர்ந்து கிடந்தது. பல வருஷப் பழக்கம். அவருடைய பம்பு பழுதாகாத போகம் இல்லை. காலிதீனைக் கண்டதும் எழும்பி, சாக்கை உதறிப் போட்டார்.

"வாங்க காக்கா. இந்த மழைக்குள்ள என்னத்துக்கு வந்தீங்க? இரிங்க."

காலிதீன் இருந்தார். கூரை ஓலையிலிருந்து தண்ணீர் வரிசையாகச் சொட்டியது. வாடியின் மூலையில் ஒரு பாயும் தலையணையும் இன்னும் விரித்தபடியே கிடந்தன. மகன் ஒளிந்திருந்த இடம்.

"நானே உங்களைத் தேடி வர இருந்தன்," என்றார் வேலப்போடி. "ஒண்டு கேக்கணும். துவக்கு விசயம் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"கேளுங்க அண்ணன்."

வேலப்போடி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சுடக்குள்ள, அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்குமா? வெடி எண்டாலே பயந்த புள்ள அவன். அவன்ட தாய் செல்லத்தங்கம் ராவெல்லாம் அதைத்தான் கேக்கிறா. புள்ள பயந்திருக்குமா, புள்ள பயந்திருக்குமா எண்டு."

"இல்ல அண்ணன். ரவை சத்தத்தை விட வேகம். படுறவனுக்குச் சத்தம் கேக்காது."

"மெய்யாவா?"

"மெய்தான்."

வேலப்போடி நீண்ட மூச்சு விட்டார். "அப்ப அந்தச் சத்தம் ஆருக்குத்தான் கேக்கும்?"

"பக்கத்தில நிக்கிறவனுக்கு. அவனுக்குப் பின்னால அடுத்ததா நிக்கிறவனுக்கு."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்ததைக் காலிதீன் கேட்டார். அது தனக்குக் கேட்கிறது. கமீலாவுக்கும் கேட்கிறது.

வேலப்போடி தலையாட்டிக்கொண்டிருந்தார். "நல்லது. அவளுக்குச் சொல்லுறன். காக்கா, அவன் ஒருத்தரையும் சுடல்ல. அந்தத் துவக்கில ஒரு வெடி வைக்கக்கூட அவனுக்குத் தெரியாது. அச்சிமுகம்மதுக்குப் பட்டது எந்தத் துவக்கு எண்டு உங்களைக் கேட்டிருந்தா நீங்க ஒரு பார்வையில சொல்லியிருப்பீங்க. என்ட புள்ள தப்பியிருப்பான்." அவர் நிமிர்ந்து காலிதீனின் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. அதில் கோபம் இல்லை. "அவனுகள் ஏன் காக்கா உங்களைக் கேக்கல்ல?"

மழை பெய்தது.

இதுதான் நேரம். வாயைத் திறந்தால் போதும். காலிதீன் வாயைத் திறந்தார். விரித்துக் கிடந்த பாயைப் பார்த்தார். உள்ளறையில் போர்த்திக்கொண்டு கிடந்த ஜெமீலை நினைத்தார், மைமூனாவை நினைத்தார். கடைசியில், எல்லாவற்றையும் விட, இந்த மனிதர் தன்னை இனி இப்படிப் பார்க்க மாட்டார் என்பதை நினைத்தார்.

"எனக்குத் தெரியாது அண்ணன்," என்றார்.

வேலப்போடி வாசல்வரை வந்து வழியனுப்பினார். "இருட்ட முந்திப் போயிருங்க. ரோட்டு சரியில்ல."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஏறியபோது மழை விட்டிருந்தது. மேற்கில் மேகத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் கோடு. அந்த வெளிச்சத்தில் வயல் முழுவதும் தண்ணீரும் பச்சையுமாக, ஒரு அசைவும் இல்லாமல் கிடந்தது. தூரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்குக்கு இன்னும் சற்று நேரம்.

வயலின் நடுவே போகிற பெரிய வரம்பில் ஆட்கள் நின்றார்கள்.

முதலில், களை பிடுங்கிவிட்டுத் திரும்புகிற கூலியாட்கள் என்று நினைத்தார். ஒருவர் பின் ஒருவராக, மேற்கே பார்த்தபடி, வரிசையாக நின்றார்கள். தலையில் சாக்கு இல்லை. கையில் கூடை இல்லை. ஒருவரும் நடக்கவில்லை.

சைக்கிள் சாய்ந்து விழுந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

வரிசையின் முன்பக்கம் மஞ்சள் வெளிச்சத்துக்குள் கரைந்து கிடந்தது. அங்கே நின்றவர்களின் முதுகு மட்டும் தெரிந்தது. அகன்ற தோள், ட்ராக்டர் எண்ணெய் படிந்த சாரன். அச்சிமுகம்மது. அவனுக்குப் பின்னால், ஒட்ட வெட்டிய தலை. கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன. கயிறு நனைந்து வீங்கியிருந்தது.

அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் செத்தவர்கள் அல்ல.

காலையில் அவரிடம் ஸலாம் சொன்ன மீன்காரன். காரைதீவுச் சந்தியில் கீரை விற்கிற கிழவி. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். அவருக்குத் தெரியாத முகங்கள், நிறைய. துவக்கு கை மாறிப் போன ஊர்களிலெல்லாம் இருந்து வந்தவர்கள் போல. எல்லோரும் பொறுமையாக நின்றார்கள். பம்பு திருத்தத் தன் கொட்டில் வாசலில் ஆட்கள் காத்து நிற்பது போல.

ரோட்டுக்குக் கிட்டே வரிசையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. ஓர் ஆள் நிற்கிற இடம். சேற்றில் இரண்டு பாதங்களின் தடம். அவருடைய செருப்பின் தடம்.

அந்த இடத்துக்குப் பின்னால் கமீலா.

வெள்ளைப் பள்ளி உடுப்பு. தலையில் முக்காடு. விளிம்பெல்லாம் சேறு. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மகள்," என்றார்.

அவள் திரும்பினாள். "வாப்பா. உங்கட இடம்."

பாங்கு தொடங்கியது. அந்த நேரத்தில் அது கேட்டது. சொடுக்கு இல்லை, கதவு இல்லை. ஒரே சத்தம். நெஞ்சுக்குள்.

ஒருவரும் விழவில்லை. முன்னால் நின்றவன் இல்லாமல் போனான். வரிசை ஒரு அடி எடுத்து வைத்தது. எல்லாப் பாதங்களும் ஒன்றாகச் சேற்றிலிருந்து எழுந்து ஒன்றாகப் பதிந்தன. வெறுமையான இடம் அவருக்காக விரிந்து நின்றது.

ரோட்டிலிருந்து வரம்புக்கு இறங்க ஒரு எட்டு. அவ்வளவுதான். கமீலா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காத்திருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வாப்பா வந்துவிடுவார் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

காலிதீனின் கால் அசையவில்லை.

அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு முக்காட்டைச் சரி செய்துகொண்டு, உடுப்பின் விளிம்பைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்தபடி, ஒரு அடி முன்னால் வந்து, அவருடைய இடத்தில் நின்றாள்.